முள்ளால் தைத்த துணி

அருப்புக்கோட்டையின் வரலாற்றை எழுதப் புகுவோர் தறியிலிருந்து தொடங்குவது வழக்கம். அது பொருத்தமே. கரிசல் மண், அதில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி, தேவாங்கரும் சாலியரும் வாழும் தெருக்களில் விடியுமுன் கேட்கத் தொடங்கும் நாடா ஓசை, சாயமேறிய நூல் கழிகள் காயும் கொடிகள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தே அவ்வூரின் பெயரைத் தென்பாண்டி நாட்டுச் சந்தைகளில் நிலைக்கச் செய்தன. சோழ, பாண்டியர் கல்வெட்டுகளில் தறியிறை என்றொரு வரி காணப்படுகிறது. பின்வந்த ஆட்சிகளும் தறிகளை எண்ணின. நூலின் நம்பரையும் சேலையின் முழத்தையும் குறித்துக்கொண்டன. துணி பிறந்த கதை இவ்வாறு ஏடேறியது. துணி கிழிந்த பிறகு நிகழ்ந்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. கிழிசலைத் தைத்த ஊசிக்கு வரி இல்லை. ஆகவே கணக்கும் இல்லை.

புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுக்கும் நாட்டில் கிழிசலைப் பற்றிப் பேசுவது சற்று மங்கலக் குறைவாகவும் தோன்றலாம். ஆயினும் ஒரு துணி புதிதாக இருக்கும் காலம் மிகக் குறுகியது. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி பழையதாகவும், நைந்ததாகவும், தைக்கப்பட்டதாகவுமே கழிகிறது. அந்த நீண்ட பகுதியைப் பற்றி வரலாற்றில் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதுவதற்கில்லை. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழியில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் அந்தப் பகுதி வியக்கத்தக்க தெளிவோடு பதிவாகியிருக்கிறது. அங்குச் செல்லுமுன் தறிக்குழியில் சற்று இறங்கிப் பார்ப்பது நன்று.

தறியில் இழை அறுவது விபத்தன்று, அன்றாட நிகழ்ச்சி. ஒரு சேலையின் அகலம் 47 அங்குலம், அங்குலத்துக்கு 72 இழை எனக் கொண்டால் பாவில் 3,384 இழைகள் நிற்கும். விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் உரசி உரசி அவை நகரும்போது, காற்றில் ஈரம் வற்றிய சித்திரை, வைகாசி மாதங்களில், எந்த இழை எப்போது அறும் என்று யாராலும் சொல்ல இயலாது. பாவுக்குக் கஞ்சியூட்டிப் பாவாற்றியால் நீவி விடுவது இழைக்கு வலுவேற்றத்தான். தறியைத் தரைக்குள் குழி தோண்டி இறக்கி அமைப்பதற்கும் மண்ணின் ஈரம் நூலைக் காக்கும் என்பது ஒரு காரணம். அப்படியும் அறும். நெசவாளர் நாடாவை நிறுத்துவார். அறுந்த நுனியைத் தேடியெடுப்பார். துண்டு நூல் ஒன்றை அதனோடு சேர்த்து, விழுதிலும் அச்சிலும் நுழைத்து இழுத்துக் கட்டிவிட்டு மீண்டும் மிதியில் கால் வைப்பார். ஒரு துணியின் முதல் கிழிசல் அது நெய்யப்படும்போதே நேர்ந்துவிடுகிறது. அதன் முதல் ஒட்டும் அங்கேயே போடப்பட்டுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய பாவின் இழை நுனிகளைத் தறியிலேயே விட்டுவைத்து, புதிய பாவின் நுனிகளை அவற்றோடு ஒவ்வொன்றாக இணைக்கும் வேலை. பாவு பிணைத்தல் என்பது அதன் பெயர். சாம்பலைத் தொட்டுக்கொண்ட விரல்கள் இரு நுனிகளையும் ஒன்றாக வைத்து ஒரு முறுக்கு முறுக்கும். அவ்வளவே, முடிச்சு இல்லை. முடிச்சுப் போட்டால் அச்சில் சிக்கிக்கொள்ளும். விழுதையும் அச்சையும் கடந்து செல்லும் வரை தாங்கினால் போதும் என்ற அளவுக்கே அந்த முறுக்கு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளுக்கு இதே செயலை அலுக்காமல் செய்யும் விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை. இவ்வளவு தாங்கினால் போதும் என்று ஒவ்வொரு முறுக்கிலும் முடிவு செய்யும் அறிவு தறியறிவில் பாதி எனலாம்.

ஆனால் அந்த ஒட்டுகளைக் கடையின் கண் பொறுப்பதில்லை. நெய்து முடித்த சேலை படைமரத்திலிருந்து இறங்கி, நூல் கொடுத்த முதலாளியிடம் போகும். அங்கு அது வெளிச்சத்தில் விரிக்கப்படும். ஓர் இழை விட்டுப்போன தடம், ஊடை நெருக்கம் தளர்ந்த பட்டை, கரையில் ஒரு பிசிறு, எண்ணெய்க் கறை என ஒவ்வொன்றுக்கும் கூலியில் பிடித்தம் உண்டு. குடும்பம் முழுவதும் நாட்கணக்கில் உழைத்த ஒரு சேலை, விரல் நீளத் தடம் ஒன்றினால் இரண்டாந்தரமாகிவிடும். ஆகவே நெசவாளர் ஒட்டை மறைக்கக் கற்றார். குறையே இல்லாத துணி வேண்டும் என்ற கண்டிப்பு அழகுணர்ச்சியிலிருந்து மட்டும் பிறந்ததன்று. கூலிக் கணக்கிலிருந்தும் பிறந்தது. இழை அறாமல் நெய்ய முடியாது என்பதை நன்கறிந்த இரு தரப்பினரும், அறவே இல்லை என்பது போன்ற ஒரு துணியை இடையில் வைத்து விலை பேசினார்கள். மான்செஸ்டர் ஆலைத் துணி 19ஆம் நூற்றாண்டில் வந்து குவிந்தபோது இந்தக் கண்டிப்பு இன்னும் இறுகியது. இயந்திரத்தின் ஒரே சீரான நெசவு அளவுகோலாயிற்று. கையின் ஏற்றத்தாழ்வு குறையாயிற்று.

தறியடியில் இத்தனை நடுக்கத்தோடு ஒட்டை மறைத்த அதே பெண், வீட்டுக்குள் ஊசி எடுக்கும்போது வேறொருத்தி. அங்கு அவளுக்கு முதலாளி இல்லை.

தமிழரின் பழைய உடைகளான வேட்டியும் சேலையும் தையல் அறியாதவை. தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுபவை. ரவிக்கையும் சட்டையும் பரவுவதற்கு முன் பெரும்பாலான வீடுகளில் ஊசிக்கு வேலை கொடுத்தது கிழிசல்தான். தெருவில் ஊசி, பாசி விற்று வரும் நரிக்குறவப் பெண்ணிடம் வாங்கிய இரண்டு ஊசிகளில் ஒன்று துருவேறி, ஒன்று வளைந்து, ஆண்டுக்கணக்கில் சுவரில் மாட்டிய நாட்காட்டியிலோ கூரைக் கீற்றிலோ செருகிக் கிடக்கும். நூல், பழந்துணியின் கரையில் உருவியதாக இருக்கும். அந்த ஊசியும் நூலும் கொண்டு செய்யப்பட்ட வேலைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. நீளக் கிழிசலின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்துத் தைப்பது மூட்டுதல். ஓட்டை பெரிதானால் வேறு துணித்துண்டை வைத்துச் சுற்றித் தைப்பது ஒட்டுப் போடுதல். துணி கிழியாமல் நைந்து சல்லடையாகத் தெரியும் இடத்தில் நெடுக்கிலும் குறுக்கிலும் நூலை ஓட்டி, தறியின் வேலையை ஊசியால் மீண்டும் செய்வது இழையோட்டுதல். உட்காரும் இடம் நைந்த சேலையை அந்த இடத்தோடு வெட்டியெறிந்து, மிஞ்சிய இரு தலைப்புகளையும் மூட்டிக் கட்டிக்கொள்வதும் உண்டு. நிறம் வேறான இரு பழஞ்சேலைகள் இவ்வாறு ஒன்றாகிக் காட்டு வேலைக்குப் போகும்.

பருத்தி எடுக்கும் மாதங்களில் கரிசல் காட்டில் வேலை செய்தவர்களின் உடையைக் கிழிப்பதற்கு முள் போதும். வெயிலும் வியர்வையும் உவர்நீர்ச் சலவையும் எஞ்சியதைச் செய்துவிடும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற முதுமொழி இங்கு அறிவுரையாக வழங்கவில்லை. இருந்த நிலையைச் சொன்னது. கசக்கினால் மேலும் கிழியும் என்பதையும் கட்டியவர்கள் அறிவார்கள். சேலையாக இருக்க முடியாத நிலை வரும்போது அது தூளியாகும், பிறகு பிள்ளைத்துணி, அதன்பின் புண்ணுக்குக் கட்டு, அடுப்படிக் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. ஒட்டுப் போடுபவளுக்கு இந்த வரிசை முழுவதும் தெரியும். எனவே இன்று போடும் தையல் என்றென்றும் நிற்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லை. அடுத்த அறுவடை வரை நின்றால் போதும். பாவு பிணைத்தவளின் அளவுகோல்தான் இது.

தமிழ் இலக்கியம் ஒட்டுத்துணியை மிகத் தொன்மையிலேயே கண்டுகொண்டது. கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில், வறிய பொருநனின் ஆடை வருணிக்கப்படுகிறது. பேனும் வியர்வையும் குடிகொண்டு, வேறு இழைகள் ஊடே புகுந்து தைத்த கந்தை அது. தையலைக் குறிக்கும் துன்னல் என்னும் சொல் அங்கு வருகிறது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் துணி தைக்கும் துன்னகாரர் தெருவில் இடம்பெற்றிருப்பதும் நினைக்கத்தக்கது. பொருநன் அரசனிடம் வந்ததும் அந்தக் கந்தை களையப்படுகிறது. இழை போன வழியைக் கண் தொடர முடியாத நுண்மையும் பாம்புச்சட்டையின் மென்மையும் கொண்ட புத்தாடை வழங்கப்படுகிறது. புலவர் அடுத்தடுத்து நிறுத்திய இரண்டு துணிகளும் உற்று நோக்கத்தக்கவை. ஒன்றில் புகுந்த இழை தனித்துத் தெரிகிறது. மற்றொன்றில் இழையே தெரியவில்லை. வறுமை என்பது இழை தெரிவது, செல்வம் என்பது இழை மறைவது என்ற எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது. அதை மாற்றிப் பார்ப்பதற்குத் தமிழகத்தில் வெகுகாலம் எவரும் முற்படவில்லை. பற்றற்ற துறவியர் கந்தை உடுத்தினர் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் கந்தையைத் தைத்தார்களா, எப்படித் தைத்தார்கள் என்ற செய்தி நமக்கு அரிதாகவே கிட்டுகிறது. அந்த அரிய செய்திகளில் ஒன்று திருச்சுழிக்காரரைப் பற்றியது.

திருச்சுழி, திருமேனிநாதர் கோயிலால் புகழ் பெற்ற பாடல் பெற்ற தலம். அங்கு நீதிமன்றத்தில் வாதாடும் தொழில் செய்துவந்த சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிறந்த வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பட்டவர். பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயருடன் இன்றும் பேணப்படுகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் அடங்கிய மறு ஆண்டு அது. பஞ்சத்தில் தானிய விலை ஏறியதும் மக்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். ஆகவே உழவனுக்கு முன்பே நெசவாளன் வீழ்வான். அத்தகைய ஆண்டுகளைக் கடந்து வந்த சீமையில் ஒட்டுப் போட்ட உடை கண்ணுக்குப் பழகிய ஒன்றாகவே இருந்திருக்கும்.

தந்தை 1892இல் மறைந்தபின் மதுரைக்குச் சென்று படித்த வேங்கடராமன், 1896 ஆகஸ்டு 29ஆம் நாள் எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். அன்றே தலையை மழித்துக்கொண்டார், கையிலிருந்த காசையும் தின்பண்டத்தையும் எறிந்தார், பூணூலைக் களைந்தார், உடுத்திருந்த வேட்டியில் கோவணத்துக்கு வேண்டிய அளவைக் கிழித்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிட்டார். இந்தக் காட்சி பலமுறை எழுதப்பட்டுள்ளது, படமாகவும் தீட்டப்பட்டுள்ளது. கிழித்தது எல்லோருக்கும் தெரியும். தைத்த கதை அந்த அளவுக்குப் பரவவில்லை.

அதை அவரே பின்னாளில் ஆசிரமத்தில் சொல்லியிருக்கிறார். சூரி நாகம்மா என்ற அடியவர் 1945 முதல் தம் தமையனாருக்குத் தெலுங்கில் எழுதிவந்த கடிதங்களின் வழியே அது வெளியுலகுக்குக் கிடைத்தது. அருணாசல மலைச் சாரலில் இளந்துறவியாக வாழ்ந்த நாட்களில் அவரிடம் ஒரே ஒரு சிறு துண்டு இருந்தது. நாளடைவில் அது நைந்து எங்கும் ஓட்டையாகிவிட்டது. மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் அதைக் கண்டு, இந்தத் துண்டு கவர்னருக்கு வேண்டுமாம், வாங்கிவரச் சொன்னார் என்று கேலியாகக் கை நீட்டினான். தர முடியாது என்று போய்ச் சொல் எனத் துறவியும் அதே விளையாட்டோடு விடையளித்தார். துண்டு மேலும் கிழியவே, பிறர் கண்ணில் படாதபடி அதைச் சுருட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கினார். குளித்தபின் துடைத்து, தனியிடத்தில் உலர்த்தி, மரப்பொந்தில் ஒளித்து வைப்பார். அன்பர்கள் அதைக் கண்டுபிடித்துப் பதறினார்கள். புதுத்துணியைக் கொண்டுவந்து ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடினார்கள்.

கோவணத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதுவும் கிழிந்தது. கேட்டால் ஊசியும் நூலும் அடுத்த நொடியில் வந்திருக்கும். ஆனால் கேட்பது அவர் வழக்கமன்று. ஆகவே காட்டுப் பக்கம் சென்று ஒரு முள்ளை ஒடித்தார். அதன் ஒரு நுனியில் துளை செய்து ஊசியாக்கினார். கோவணத்திலிருந்தே ஓர் இழையை உருவி நூலாக்கினார். கிழிந்த இடத்தைத் தைத்து, தையல் உள்ளே மடியும்படி கட்டிக்கொண்டார். துணி மேலும் சிலகாலம் உழைத்தது.

இந்தச் செயலை ஒரு நெசவாளர் கேட்டால் முதலில் கவனிப்பது நூலைத்தான். பொருநனின் கந்தையில் புகுந்தது வேறு இழை. இங்குப் புகுந்தது அதே துணியின் இழை. உருவிய இடத்தில் துணி ஓர் இழை இளைத்தது. கிழிந்த இடத்தில் ஓர் இழை தடித்தது. மொத்தத்தில் எதுவும் கூடவில்லை, குறையவுமில்லை. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கும்போது சேலைக்கரையில் உருவிய வண்ண நூலையே பயன்படுத்தினர் என்பது இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. கந்தை, காந்தா என்னும் இரு சொற்களும் ஒரே வடமொழிச் சொல்லின் வழிவந்தவை.

அடுத்தது ஊசி. தமிழ் மரபில் ஊசி என்றதும் நினைவுக்கு வருபவர் பட்டினத்தார். பெருவணிகராக இருந்த அவரைத் துறவுக்குத் திருப்பியது காதறுந்த ஓர் ஊசி என்பது கதை. எந்தப் பயனுமில்லாத பொருள்கூட உடன்வராது என்பது அதன் உட்பொருள். திருச்சுழிக்காரரின் கையிலோ துறவு முடிந்தபின் ஓர் ஊசி பிறக்கிறது. அதுவும் காதோடு பிறக்கிறது. எல்லாவற்றையும் விட்ட பின்னும் கிழிசல் இருக்கும், கிழிசல் இருக்கும் வரை தைக்கவும் வேண்டும். முள்ளை முள்ளால் எடுப்பது பழமொழி. கிழித்த முள்ளைக்கொண்டே தைப்பதை எந்தப் பழமொழியும் சொல்லவில்லை போலும். கருவேலும் உடையும் அடர்ந்த கரிசல் சீமையில் வளர்ந்தவருக்கு முள்ளின் நீளமும் நேர்மையும் உறுதியும் புதிதாக அறிய வேண்டியவை அல்ல.

அந்தத் தையல் அழகாக இருந்திருக்க வாய்ப்பில்லை. முள் பருமனானது, உருவிய இழை நைந்தது, தைத்த துணியோ அதனினும் நைந்தது. ஆயினும் இதைக் கொண்டு அவரைக் கைவேலையில் அசட்டையானவர் என்று எண்ணினால் அது பெரும் பிழையாகிவிடும். ஆசிரமத்தில் வாழ்ந்த எல்லோரும் ஒருமுகமாகச் சொல்வது அவருடைய செய்நேர்த்தியைப் பற்றித்தான். விடியுமுன் எழுந்து காய் நறுக்குவதும், இலை தைப்பதும், கொட்டாங்கச்சியைத் தேய்த்து மெருகேற்றிக் கிண்ணமாக்குவதும், கிழிந்த நூல்களை ஒட்டிக் கட்டமைப்பதும், அச்சுப்பிழை திருத்துவதும் அவருக்கு அன்றாடப் பணிகள். வேலூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பலன் கருதாத வினை என்பது என்ன என்று கேட்டபோது, உடனே விடை சொல்லாமல் மலையேறச் சென்றவர், வழியில் கிடந்த முட்கொம்பு ஒன்றை எடுத்தார். முட்களைச் செதுக்கி, கணுக்களைச் சீர்செய்து, சொரசொரப்பான இலையால் தேய்த்து, மணிக்கணக்கில் உழைத்து வழவழப்பான கைத்தடியாக்கினார். கோலைத் தொலைத்துவிட்டு வருந்தி வந்த ஆட்டிடையன் ஒருவனிடம் அதைக் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்டவருக்கு விடை கிடைத்தது.

கைத்தடியையும் கோவணத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கைத்தடி ஒரு குறையும் இல்லாதது. கோவணம் குறைகளால் ஆனது. இரண்டிலும் உழைத்தவை அதே கைகள், அதே கவனம். கம்பு இடம் கொடுத்தது, ஆகவே வழவழப்பாயிற்று. துணி இடம் கொடுக்கவில்லை; அது தாங்கும் அளவுக்கு மட்டும் தைக்கப்பட்டது. நேர்த்தி வேறு, குறையின்மை வேறு என்பது இதனால் விளங்கும். நேர்த்தி செய்பவரிடம் இருப்பது. குறையின்மை பார்ப்பவரின் கண்ணுக்காகக் கேட்கப்படுவது. அருப்புக்கோட்டை முதலாளியின் வெளிச்சத்தில் விரிந்த சேலையில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. அந்தக் குழப்பத்தின் விலையைக் கூலியில் கொடுத்தவர் நெசவாளர்.

இன்னொரு பெருமையும் அவரிடம் இல்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். கந்தையைக் காட்டிக்கொள்ளும் பெருமை அது. ஓட்டைத் துண்டை அவர் தோளில் போட்டுக்கொண்டு உலவவில்லை, ஒளித்து வைத்தார். தையலை வெளியே தெரியவிடவில்லை, உள்ளே மடித்தார். நாணமா என்றால் அதுவுமில்லை, இருந்திருந்தால் முதுமையில் பலர் நடுவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கமாட்டார். பிறர் வருந்தி ஓடிவந்து புதிது வாங்கிக் குவிக்கக்கூடாதே என்பதற்காக மறைத்தது அது. ராமநாதபுரத்தில் பிறந்து, சென்னையில் தமிழாசிரியராக இருந்து, கதர் உடுத்திய காந்தியடிகளின் பற்றாளராகவும் விளங்கி, 1923இல் ரமணரிடம் வந்து சேர்ந்த முருகனார், ஆயிரம் கண்ணுடைய இந்திரன் மேனி போல் ஓட்டைகள் நிறைந்த அந்தத் துண்டையும் முள்ளால் தைத்த கோவணத்தையும் பாட்டில் வைத்துப் போற்றினார். ஒரே வறண்ட சீமையைச் சேர்ந்த இருவர். ஒருவர் தைத்ததை மற்றவர் பாடினார்.

நாகம்மாவின் கடிதங்கள் எழுதப்பட்ட காலம் துணிக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவிய காலம் என்பதையும் மறப்பதற்கில்லை. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943 ஜூன் மாதத்தில், பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. ஆலைத் துணியில் பெரும்பங்கு படைக்குப் போயிற்று. நெய்யத் தெரிந்தவர் வீட்டிலேயே நூலில்லாமல் தறி நின்றது. ஒட்டுப் போடுவது ஏழைக்கு மட்டும் உரியது என்ற நிலை அந்தச் சில ஆண்டுகளில் மாறியது. உத்தியோகஸ்தர் வீட்டிலும் வேட்டி மூட்டப்பட்டது. அதற்கும் முன்னே, 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் நீண்ட வேட்டியையும் சட்டையையும் துறந்து அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க வழியில்லை என்ற ஏழைகளின் முறையீட்டுக்கு, இருப்பது குறைவானால் குறைவாக உடுத்தலாம் என்பது அவர் கண்ட விடை. மதுரையை விட்டு ஓடிய சிறுவன் அரையாடைக்கு மாறி அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

தட்டுப்பாடு நீங்கியது. தையல் இயந்திரம் தெருவுக்கு ஒன்றாக வந்தது. 1970களுக்குப்பின் டெரிலின், பாலியஸ்டர் துணிகள் ஏழை வீட்டுக்கும் எட்டின. அவை எளிதில் கிழிவதில்லை. கிழிந்தால் பருத்தியைப் போல் இழையோட்ட இடம் கொடுப்பதுமில்லை. 1983இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வேட்டி, சேலைத் திட்டம் பொங்கலுக்குப் புதுத்துணி காணாத வீடு இருக்கக்கூடாது என்று கருதியது. இவையெல்லாம் நன்மையே. வறுமையின் ஒட்டுத்துணியை எவரும் ஏக்கத்தோடு நினைக்க வேண்டியதில்லை. அதை உடுத்தியவர்கள் விரும்பி உடுத்தவில்லை. ஆனால் துணி பெருகியபோது ஒட்டின் மேல் இருந்த கூச்சமும் சேர்ந்தே பெருகியது. பின்புறம் கிழிந்த கால்சட்டையைத் தபால்பெட்டி என்று சொல்லிச் சிரித்த பள்ளிப் பிள்ளைகள், ஒட்டுப் போட்டுவந்த கால்சட்டையையும் விடவில்லை. புத்தகப்பையைப் பின்னால் தொங்கவிட்டு நடந்த சிறுவர்கள் கரிசல் ஊர்ப் பள்ளிகளில் எத்தனையோ பேர். கிழிந்ததற்காக நாணியவர்கள் முன்பும் உண்டு. தைத்ததற்காக நாணியது புதிது. தைப்பதைவிடப் பழந்துணி மூட்டையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்குவது கௌரவமாயிற்று.

தையலை மறைப்பதையே ஒரு பெருங்கலையாக வளர்த்தவர்களும் உண்டு. காஷ்மீரச் சால்வைகளைச் செப்பனிடும் ரஃபூகர்கள், ஓட்டை இருந்த இடத்தை அறிய முடியாதபடி இழைக்கு இழை நெய்து மூடுவார்கள். விலையுயர்ந்த சால்வைக்கு அது தகும். இதற்கு எதிர்முனையில் வடஜப்பானின் உழவர் வீடுகள். பருத்தி விளையாத அந்தக் குளிர்நாட்டில் நீலச்சாயத் துணித்துண்டுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தைக்கப்பட்டன. போரோ எனப்படும் அந்தக் கந்தைகள் இன்று கண்ணாடிப் பேழைகளில் வைக்கப்பட்டு உலகோரால் வியக்கப்படுகின்றன. ஒட்டு வெளியே தெரியும்படி தைப்பது மேல்நாடுகளில் நாகரிகமாகவும் ஆகியிருக்கிறது. நல்லதுதான். எனினும் தெரியும்படி தைக்க வேண்டும் என்பதும் ஒரு கட்டளையாகி, அழகான கிழிசலுக்கு ஆசைப்படும் நிலை வந்தால், பழைய கண்டிப்பு வேறு உடை உடுத்தி வந்ததாகவே கொள்ள வேண்டும். முள்ளால் தைத்தவர் தையலைப் பற்றி ஒரு கருத்தும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. கிழிந்தது, தைத்தார்.

அருப்புக்கோட்டையில் கைத்தறிகள் குறைந்துவிட்டன. விசைத்தறியின் ஓசை பல தெருக்களில் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விசைத்தறியிலும் இழை அறுகிறது. அங்கும் ஒருவர் ஓடிவந்து நிறுத்தி, நுனியைத் தேடி ஒட்டத்தான் வேண்டியிருக்கிறது. கைத்தறி எஞ்சியிருக்கும் வீடுகளில் பாவு முடியும் தறுவாயில் நெய்ய இயலாமல் நின்றுவிடும் சாண் நீள நூல்களைத் தூக்கியெறிவதில்லை. அவற்றைக் கொத்தாகச் சேர்த்துத் தறியோரம் கைக்கெட்டும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பல பாவுகளின் மிச்சம் அது. பல நிறமாக இருக்கும். இழை அறுந்ததும் நெசவாளர் தலை திருப்பாமல் கையை மட்டும் நீட்டி, நிறம் பொருந்திய ஒன்றை அதிலிருந்து உருவிக்கொள்வார்.